மேசையைத் தட்டினால் திரும்ப வாசிக்க வேண்டும்

கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து என் மாமியார் என்னிடம் முதன்முதலாகப் பேசினார். பேசியது இவ்வளவுதான்: "கண்டிக்குப் போயிட்டு வர முடியுமா?"

அதுவரை அவர் பேசியதெல்லாம் சுவரோடுதான். "காபி குடிக்கிறவங்க குடிக்கலாம், டம்ளர் மேடையில இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். சுவர் குடிக்காது என்பதால் நான் போய் எடுத்துக்கொள்வேன். பலகாரம் மட்டும் சுவர் வழியாகக்கூட வந்ததில்லை. அவர் கிறிஸ்தவர், நான் முருகேசன். அவருடைய மகள் ஸ்டெல்லாவைக் கேட்காமல் கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டவன். அன்றைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது ஸ்டெல்லாவின் தம்பி அமல்ராஜ். அந்தக் கையெழுத்துக்காக வீட்டில் அவனும் ஒரு வருடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்த அமல்ராஜ் ஆறு வருடத்துக்கு முன் துறவு மடத்தில் சேர்ந்தான். மடத்துக்காரர்கள் அவனைக் கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இறுதி வார்த்தைப்பாடு. சாகும்வரை இந்த மடத்தை விட்டுப் போகமாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போட்டதுதான். அதற்குள் மாமியாருக்கு அவனிடம் ஒன்று கேட்க வேண்டும். முழங்கால் ஆபரேஷன் ஆனதால் அவரால் நகர முடியவில்லை. கடிதமாக எழுதச் சொல்லி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

ஸ்டெல்லா எழுத மாட்டாளா என்று கேட்டேன்.

"அவகிட்டச் சொன்னா பேச்சு வளரும். உங்ககிட்டத்தான் எனக்குப் பேச்சே இல்லையே" என்றார்.

எழுதினேன். எழுதி முடித்ததும் ஒரு டப்பா முறுக்கைக் கொடுத்தார். மூடியைச் சுற்றி ஏழெட்டுச் சுற்று செலோடேப் ஒட்டியிருந்தது. வழியில் நான் திறந்துவிடக் கூடாதாம்.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். திண்டுக்கல்லில் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு அறிவிப்புச் செய்கிறவன் நான். துணிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல்போன ஆடு எல்லாம் என் குரலில்தான் ஊருக்குள் போகும். மெதுவாகப் பேசு என்று ஸ்டெல்லா சொல்லாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவனை மௌன மடத்துக்கு அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை காலை கொழும்பிலிருந்து ரயில். பேராதனை வந்ததும் பெட்டியில் இரண்டு கட்சி உருவானது. கண்டிக்குப் போகிறவர் இங்கேதான் இறங்க வேண்டும் என்றார் ஒரு பெரியவர். இறங்கவே கூடாது, வண்டி நேரே போகும் என்றார் ஒரு அம்மா. பெரியவருக்கு மரியாதை கொடுத்து இறங்கினேன். அம்மா ஜன்னல் வழியாகத் திட்டியதால் மறுபடி ஏறினேன். அதற்குள் என் இடத்தில் ஒரு பெரிய பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. கண்டி வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். யாருடைய பழம் என்பது கடைசி வரை தெரியவில்லை. இறங்கும்போது அந்தப் பெரியவரே நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

ஸ்டேஷன் வாசலில் நிஸாம் என்கிற ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். ஊர் கெலிஓயா. நம்மூர் ஆட்டோவைவிட இந்த ஆட்டோ சுத்தம், உள்ளே பூப்போட்ட துணி தைத்திருந்தது. பன்விலப் பக்கம் மலைமேல் ஒரு மடம், தெரியுமா என்றேன். "கண்டியில நான் போகாத ரோடு இல்ல சேர்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அன்று எல்லா ரோட்டுக்கும் போனோம்.

முதலில் புத்த பிக்குகள் இருக்கும் ஒரு குடிலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு இளம் பிக்கு இஞ்சி போட்டுப் பாலில்லாத பிளேன்டீ கொடுத்து, நீங்கள் தேடுவது நாங்கள் இல்லை என்று சிரித்தபடி சொன்னார். அடுத்தது ஒரு கன்னியர் மடம். அங்கே ஒரு சிஸ்டர் நெல்லிச் சாறு கொடுத்து, ஆண்கள் மடம் இன்னும் மேலே என்று கையைக் காட்டினார். மூன்றாவது ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கேட். காவலாளி எங்களை யாரோ அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றார். வழி கேட்பதை நிஸாம் கௌரவக் குறைவாக நினைத்தார். ஆனால் எங்கே போனாலும் குடிக்க ஏதாவது கிடைத்தது. நம்மூரில் வழி கேட்டால் வழி மட்டும்தான் கிடைக்கும், அதுவும் தப்பாக.

அரைமணிக்கு ஒருமுறை நிஸாமின் அம்மா போன் செய்தார். மலையில் சிக்னல் கிடையாது. அதனால் எந்த வளைவில் சிக்னல் வரும் என்று நிஸாம் கணக்காகத் தெரிந்து வைத்திருந்தார். அங்கே வண்டியை நிறுத்திச் சத்தமாகப் பேசுவார்.

"திண்டுட்டன் உம்மா. ஓம், சோறுதான்" என்பார். திரும்பி என்னிடம், "எடுக்காட்டி பொலிஸுக்குப் போயிருவா சேர்" என்பார். நிஸாமுக்கே வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். மடத்துக்குக் கீழே கடைசி வளைவில், தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் மறுபடி நிறுத்தினார். "இதுக்கு மேல ஒரு கோடும் வராது சேர். கதைக்கிறதெண்டா இங்க இறங்கி வரணும். சத்தமாக் கதைக்கணும்."

மடத்து வாசலில் மூன்று மொழியில் பலகை. தமிழில் 'மௌனம் காக்கவும்' என்றிருந்தது. நிஸாம் ஹாரன் அடித்து என் வருகையை அறிவித்துவிட்டுப் போனார்.

விருந்தினரைக் கவனிக்கிறவர் பிரதர் சேவியர். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியாக உயரமாக இருந்தார். முற்றத்தில் நின்று பேசலாம், நடையில் பேசக் கூடாது, சாப்பாட்டு அறையில் பேசவே கூடாது என்று எல்லையெல்லாம் விளக்கினார். பேச்சே மூச்சுக்காற்று மாதிரித்தான் வந்தது. நான் "சரிங்க பிரதர்" என்றதும் மிளகுக்கொடியிலிருந்து இரண்டு மைனா பறந்தன.

அமல்ராஜைப் பார்க்க வேண்டும் என்றேன். பார்க்கலாம், கதைக்க ஏலாது என்றார். வார்த்தைப்பாட்டுக்கு முன் எட்டு நாள் தியானம். ஒரு சொல்லும் பேசக் கூடாது. கடிதமும் அப்படித்தான், எது வந்தாலும் ஞாயிறு திருப்பலி முடிந்துதான் கையில் கிடைக்கும். கடிதத்தையும் முறுக்கு டப்பாவையும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து அந்தக் கடிதம் எதற்கு?

"பிரதர், அதுல ஒரு கேள்வி இருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி பதில் தெரியணும்" என்றேன்.

"எல்லாருக்கும் அப்பிடி ஒரு கேள்வி இருக்கும்" என்றார் பிரதர் சேவியர். "அதுக்குத்தான் இந்தச் சட்டம்."

மாலை ஜெபத்தில் அமல்ராஜின் முதுகைப் பார்த்தேன். வெள்ளை அங்கி, கழுத்து மெலிந்திருந்தது. திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டான். கண் இரண்டும் பெரிதானது. வாய் திறந்தது, மூடிக்கொண்டது. ஆறு வருடம் கழித்துப் பார்க்கிறோம். நான் கையை ஆட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை பாண் என்கிற ரொட்டியும் பருப்பும் கட்டச் சம்பலும். சம்பலின் உறைப்புக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பக்கத்திலிருந்த வயதான துறவி நான் பக்தியில் அழுகிறேன் என்று நினைத்துத் தோளில் தட்டினார். விருந்தினர் விரும்பினால் காலையில் துறவிகளுடன் வேலை செய்யலாம் என்றார்கள். இந்த மடம் விளாம்பழ ஜாம் செய்து விற்கிறது. போய்ப் பார்த்தால் மரச்சுத்தியலும் கையுமாக அமல்ராஜ் உட்கார்ந்திருக்கிறான். ஒரு முழம் தள்ளி எனக்கும் ஒரு பலகை போட்டார்கள்.

இரண்டு மணி நேரம் விளாம்பழம் உடைத்தோம். அவன் உடைப்பான், நான் உடைப்பேன். அவன் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளினான். எங்களுக்கு நடுவே ராஜேஸ்வரி அக்கா சதையை வழித்துப் பானையில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர். அவருக்கு மௌனம் எதுவும் கிடையாது. எனக்கு ஒரு யோசனை வந்தது.

"அக்கா, எங்க மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிருச்சு" என்றேன்.

"அப்புடிங்களா. வலி தேவலையா?" என்றார்.

"தேவலை. ஆனா மகன நெனச்சுத் தூங்குறதில்ல."

"மகன் எங்க இருக்காருங்க?"

"பக்கத்துலதான்" என்றேன்.

ராஜேஸ்வரி அக்கா சட்டென்று புரிந்துகொண்டார். அமல்ராஜ் தவறான இடத்தில் சுத்தியலைப் போட்டுக் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டான். அதற்கும் சத்தம் வரவில்லை. "மகன்கிட்ட என்னமோ கேக்கணும்னு சொன்னாங்களா?" என்று அக்கா எடுத்துக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பிரதர் சேவியர் பின்னால் நின்றிருந்தார். என் பலகையைத் தூக்கி, தேங்காய் உரிக்கும் கொட்டகைக்கு வழிகாட்டினார். அங்கே எனக்குத் துணை ஒரு பூனை.

ராஜேஸ்வரி அக்கா பிறகு பிளேன்டீ கொண்டுவந்தபோது, "நீங்க சொன்னது அவுங்க காதுல விழுந்துச்சுங்க. மொகத்தப் பாத்தேன்" என்றார். முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பல்லு வலிக்காரர் மாதிரி இருந்துச்சு" என்றார்.

மதியச் சாப்பாடு இங்கே ஒரு தனிக் காட்சி. சிவப்பரிசிச் சோறு, ஈரப்பலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல். பதினேழு துறவிகள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து வாய் திறக்காமல் சாப்பிடுகிறார்கள். நடுவில் உயரமான மேசையில் ஒருவர் நின்று புனிதர்களின் வரலாற்றை வாசிக்கிறார். ஒரு நாள் சிங்களம், ஒரு நாள் தமிழ், ஒரு நாள் ஆங்கிலம். மடத்துத் தலைவரைப் பெரிய சுவாமி என்கிறார்கள். சிங்களவர், எண்பது வயதிருக்கும், ஒரு காதில் கருவி. வாசிப்பில் பிழை வந்தாலும் கடைசி மேசைக்குக் கேட்காவிட்டாலும் கரண்டியால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுகிறார். தட்டினால் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும். சரியாக வரும்வரை தட்டுவார். அன்று வாசித்த இளம் துறவி ஒரே வாக்கியத்தை நாலு முறை வாசித்தார். எனக்குச் சிங்களம் தெரியாது, ஆனாலும் அந்த வாக்கியம் மட்டும் மனப்பாடம் ஆகிவிட்டது.

வெளியே வந்ததும் பிரதர் சேவியரிடம், மௌனம் என்கிறீர்கள், அவர் மட்டும் அரைமணி பேசுகிறாரே என்றேன்.

"வாசிக்கிறது கதைக்கிறது இல்ல" என்றார். "வாய்தான் அவரின்ர. சொல்லு புத்தகத்தின்ர."

சனிக்கிழமை தமிழ் நாள். காலையில் மழைத்தூறலில் மிளகுத் தோட்டத்தைச் சுற்றி நடந்து, காலில் ஒன்பது அட்டைகளோடு திரும்பினேன். அட்டையை உப்புப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தபோது பிரதர் சேவியர் வந்தார். முகத்தில் கவலை. தமிழ் வாசிக்கிற சுவாமி முந்தின நாள் பேராதனைக்குப் போய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார், கன்னம் வீங்கி வாய் திறக்கவில்லை. "உங்கட குரல் கடைசி மேசைக்கும் கேக்கும்" என்றார். கீழே ஊருக்கும் கேட்கும் என்று சொல்ல நினைத்தவர், அடக்கிக்கொண்டது தெரிந்தது.

சரி என்றேன். அவர் போகவில்லை. தரையைப் பார்த்தபடி மேலும் சொன்னார்: "வாசிக்கிறவர் பிறகுதான் சாப்பிடுவார், இரண்டாம் பந்தியில. இரண்டாம் பந்திக்கும் ஒரு அஞ்சு நிமிசம் வாசிப்பு இருக்கு. பரிமாறினவர் வாசிப்பார்."

"இன்னைக்கு யாரு பரிமாறுறது?"

"இந்தக் கிழமை முழுக்க அமல்ராஜ்தான்" என்றார். சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனார். இதை அவர் வேண்டுமென்றே சொன்னாரா, சட்டத்தைத்தான் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கடிதம் அலுமாரியில் இருந்தால் என்ன? எழுதினவன் நான்தான். தொழில்முறையில் எதையும் இரண்டு தடவை பார்த்தால் எனக்கு மனப்பாடம்.

நண்பகலில் உயர மேசையில் ஏறினேன். குகையில் வாழ்ந்த ஒரு புனிதரின் கதை. "குகையின் உள்ளே அவர் ஒரே ஒரு கம்பளியுடன்" என்று தொடங்கியதும் பழக்கதோஷம் வந்துவிட்டது. கம்பளி என்றாலே எனக்குத் தள்ளுபடிதான். வாசிப்பு இழுத்து இழுத்து, மேலே போய்க் கீழே இறங்கியது. கடைசியில் 'உடனே வாருங்கள்' என்று வராதது ஒன்றுதான் குறை. பெரிய சுவாமி தட்டவில்லை. கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். கறிச்சட்டியைத் தூக்கியபடி அமல்ராஜ் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தான்.

ஒரு பக்கம் முடிந்தது. புத்தகத்தைப் பார்த்தபடியே, தாளைப் புரட்டி, அதே குரலில் சொன்னேன்:

"அப்போது அந்தப் புனிதருக்கு அவருடைய தாய் ஒரு கடிதம் அனுப்பினார். அன்புள்ள மகனே, இங்கே அனைவரும் நலம். என் முழங்காலில் இரும்பு வைத்திருக்கிறார்கள். மோட்டார் மறுபடி கெட்டுவிட்டது. மாடிக்குக் குடிவந்தவர்கள் நல்லவர்கள், ஆனால் மீன் பொரிக்கும்போது ஜன்னலைத் திறப்பதில்லை."

தமிழ் தெரிந்த துறவிகள் சோற்றைப் பிசைந்தபடி தலையை ஆட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த பிரதர் சேவியர் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அமல்ராஜ் மட்டும் சட்டியும் கையுமாக நடுவழியில் நின்றுவிட்டான்.

"மகனே, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் மகளைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ கேட்டாய். ஒரு வீட்டுக்கு ஒரு காதல் கல்யாணம் போதும் என்றேன்."

இந்த இடத்தை எழுதும்போதே எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு காதல் கல்யாணம் என்னுடையது. என்னைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் காதல் கல்யாணத்தின் மீது நம்பிக்கை போயிருந்தது. எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனுக்கு என்னாலேயே இப்படி ஆயிற்றே என்று எழுதின நாளிலிருந்து மனசு அறுத்துக்கொண்டிருந்தது.

"நான் அப்படிச் சொன்னதால்தான் நீ போனாயா?"

குரல் கம்மிவிட்டது. இருபது வருடத் தொழிலில் மழையிலும் தொண்டைக்கட்டிலும் நிற்காத குரல், அந்த வாக்கியத்தில் பாதியில் நின்றது. டொக் டொக். பெரிய சுவாமி கரண்டியால் தட்டினார்.

"நான் அப்படிச் சொன்னதால்தான் நீ போனாயா?"

டொக் டொக். கடைசி மேசைக்குக் கேட்கவில்லை. நான் மூச்சை இழுத்து, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு, மூன்றாவது முறையாகச் சொன்னேன். சுவர் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு துறவி கரண்டியைக் கீழே போட்டார். பெரிய சுவாமி திருப்தியாகத் தலையசைத்தார்.

"அதனால் என்றால் நான் சொன்னது தப்பு, நீ வந்துவிடு. சாமிக்காகத்தான் போனாய் என்றால் அங்கேயே இரு. எது என்று தெரியாமல் என்னால் முழங்காலில் நின்று ஜெபிக்க முடியவில்லை. இப்போது முழங்காலும் இல்லை. இப்படிக்கு, தாய்."

புத்தகத்தை மூடினேன். எல்லோரும் எழுந்து ஜெபம் சொல்லி வரிசையாக வெளியே போனார்கள். பெரிய சுவாமி என்னருகே ஒரு நிமிடம் நின்றார். அவர் தமிழ் தோட்டங்களில் பழகிய தமிழ். "நல்ல புனிதர்" என்றார். "அம்மா இன்னும் நல்லம்." இவருக்கு எவ்வளவு கேட்டது, எவ்வளவு புரிந்தது என்பதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாம் பந்தியில் நானும் பிரதர் சேவியரும் மட்டும். அமல்ராஜ் எனக்குச் சோறு போட்டான், கறி ஊற்றினான். பருப்பை என் தட்டுக்கு வெளியே ஊற்றினான். பிறகு போய் உயர மேசையில் நின்றான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

"அந்தக் கடிதத்துக்குப் புனிதர் எழுதிய பதில்" என்று தொடங்கினான். ஆறு வருடம் கழித்து அவன் குரலைக் கேட்கிறேன். "அம்மா, நீங்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு முந்தின வாரமே அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்."

பக்கத்திலிருந்த கரண்டியை எடுத்து மேசையில் இரண்டு தட்டினேன். தட்ட எனக்கு உரிமை கிடையாது. பிரதர் சேவியர் ஈரப்பலாக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெண்தான் வேண்டாம் என்றாள்" என்று அமல்ராஜ் திரும்ப வாசித்தான், இந்த முறை கொஞ்சம் சத்தமாக. "அதற்குப் பிறகும் நான் உங்களிடம் வந்து கேட்டேன். நீங்கள் மறுப்பீர்கள் என்று தெரியும். அவள் மறுத்தாள் என்று ஊரில் சொல்வதைவிட, அம்மா மறுத்தார் என்று சொல்வது வசதியாக இருந்தது. அதற்காக ஆறு மாதம் உங்களிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இங்கே வந்தது வேறு காரணத்துக்கு, எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. நாளை வார்த்தைப்பாட்டுக்கு முன் இதைச் சொல்லாவிட்டால் நான் கொடுக்கும் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று எட்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும். மன்னிக்க முடியாது என்றால் நாளைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். முழங்காலில் நிற்க வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கவும்."

புத்தகத்தை மூடிவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, தலையில் குட்டவும் தோன்றியது.

சாப்பிட்ட கையோடு கீழே இறங்கினேன். ராஜேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போகிற நேரம், சறுக்காத வழியைக் காட்டிக் கூடவே வந்தார். எடை போடும் கொட்டகை வளைவில் போனைத் தலைக்குமேல் தூக்கினேன். ஒரு கோடு வந்தது. மாமியார்தான் எடுத்தார்.

சொன்னேன். அந்தப் பக்கம் கரகரவென்று இரைச்சல். "என்ன, கேக்கல" என்றார். நிஸாம் சொன்னது ஞாபகம் வந்தது. தொழில் குரலை எடுத்தேன். "அந்தப் பொண்ணுதான் முதல்ல வேணாம்னு சொல்லியிருக்கு. நீங்க இல்ல. அவன் உங்க மேல பழியப் போட்டுட்டான். மன்னிப்புக் கேக்குறான். நீங்க மன்னிச்சாத்தான் நாளைக்குக் கையெழுத்துப் போடுவானாம். நாற்காலியில உக்காந்து ஜெபம் பண்ணச் சொன்னான்." மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இருபது பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ராஜேஸ்வரி அக்கா அவர்களுக்குச் சைகையிலேயே முழுக் கதையையும் விளக்க ஆரம்பித்தார்.

கோடு போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தது.

"அந்த மருந்துக்கடைத் தெரு வழியாப் போக மொகமில்லாம, ஆறு வருசம் கோயிலுக்குச் சுத்து வழியில நடந்தேன்" என்றார் மாமியார். "என் முழங்காலே அதுலதான் போச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று புரியவில்லை.

"கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார். "மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க. ஆனா முறுக்க அவனுக்குக் குடுக்காதீங்க. ஒண்ணுகூடக் குடுக்காதீங்க. நீங்களே தின்னுருங்க, மாப்ள."

மேலே ஏறும்போது மூச்சு வாங்கியது. முற்றத்தில் பிரதர் சேவியர் நின்றிருந்தார். மன்னிச்சாச்சு என்றேன். அவர் கேள்வி எதுவும் கேட்காமல் சிற்றாலயத்துக்குள் போனார். உள்ளே முழங்காலில் இருந்த அமல்ராஜின் பக்கத்தில் போய் நின்று, தலையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டினார். அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். தலையாட்டுவதும் பேச்சில் சேராது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் அமல்ராஜ் குப்புற விழுந்து வணங்கினான், எழுந்து கையெழுத்துப் போட்டான். எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனுக்கு நான் சாட்சியாக நின்றேன், வேட்டியில் அட்டை கடித்த ரத்தக் கறையோடு. முடிந்ததும் பாற்சோறும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். பிரதர் சேவியர் அலுமாரியைத் திறந்து டப்பாவை என் கையில் வைத்தார்.

முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து செலோடேப்பைப் பிரித்தேன். அதற்கே கால்மணி ஆயிற்று. முதல் முறுக்கைக் கடித்தேன். எள்ளும் ஓமமும் போட்டு, பதினொரு வருடமாக அந்த வீட்டில் மணம் மட்டும் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த அதே முறுக்கு. அமல்ராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா சொன்னதைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். நான் இரண்டாவதை எடுத்தேன், மூன்றாவதை எடுத்தேன். அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு நாள் மௌனம் முடிந்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு."

டப்பா மூடியில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவன் திரும்பக் கேட்டான்.